ரேமைக் கூட்டியதும் படுத்துவிடும் விண்டோஸ் 98: வரிசையாகச் சரிசெய்யும் வழிகாட்டி

விண்டோஸ் 98 ஓடும் கணினியில் ரேமை 1 ஜிபி ஆக்கிவிட்டு மின்சாரத்தைப் போட்டால், பல கணினிகளில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி வந்து நின்றுவிடும். விண்டோஸைத் தொடங்கப் போதிய நினைவகம் இல்லை, நினைவகத்தில் தங்கியிருக்கும் நிரல்களை நீக்குங்கள் என்பது அதன் சாரம். நேற்றுவரை 256 எம்பியில் ஓடிய கணினி இது.

சில கணினிகளில் விண்டோஸ் வந்துவிடும், எல்லாம் நன்றாகவே தெரியும். டாஸ் சாளரத்தை, அதாவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் நிரல்கள் ஓடும் சாளரத்தை, திறக்கப் போனால் மட்டும் நினைவகம் போதவில்லை என்று மறுக்கும். இரண்டும் ஒரே கோளாறுதான்.

98-ஐ இன்னும் விட முடியாதவர்கள் இருக்கிறார்கள். பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகும் கருவி அட்டை, மூலநிரல் கிடைக்காத கணக்கு நிரல், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் பக்கம் கட்டிய அச்சக வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. மதர்போர்டு போய்விட்டால் மாற்றாகக் கிடைப்பது பெரும்பாலும் சற்றுப் புதியதாக, கூடுதல் ரேமோடு வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. புதிய ரேமைக் குறைசொல்லி மாற்றியவர்களையும், விண்டோஸை மூன்று முறை மறுபடி நிறுவி ஒரு நாளைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தேவையில்லை. வரிசை தவறாமல் செய்தால் அரை மணி நேர வேலை.

1. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: தீர்ந்துபோவது முகவரி

32 பிட் செயலி மொத்தம் 4 ஜிபி அளவுக்கு முகவரி போட முடியும். விண்டோஸ் 98 அதைப் பங்குபிரித்து வைத்திருக்கிறது. கீழ்ப்பகுதி 2 ஜிபி வரை அந்தந்த நிரலுக்கு. 2 முதல் 3 ஜிபி வரை எல்லா நிரல்களுக்கும் பொது. 3 முதல் 4 ஜிபி வரையிலான கடைசி 1 ஜிபி, அதாவது 1024 எம்பி, விண்டோஸின் சொந்த உபயோகத்துக்கு. இது முகவரிக் கணக்குதான். கணினியில் 64 எம்பி ரேம் இருந்தாலும் 1 ஜிபி இருந்தாலும் இந்தப் பங்கீடு மாறாது.

அந்தக் கடைசிப் பங்கில் குடியிருப்பவர்களில் ஒருவர் வீகேச். ஹார்ட் டிஸ்கில் இருந்து படித்ததை ரேமில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. விண்டோஸ் தொடங்கும்போதே அது மொத்த ரேம் எவ்வளவு என்று பார்க்கிறது. பிற்காலத்தில் தனக்கு அதிகபட்சம் எவ்வளவு தேவைப்படலாம் என்று கணக்குப் போட்டு, அவ்வளவு முகவரிகளையும் அப்போதே ஒதுக்கி வைத்துக்கொள்கிறது.

வீடு கட்டுவதற்கு முன்பே தெரு முழுவதும் எல்லைக்கல் நட்டு வளைத்துப்போடுவதைப் போன்றது இது. மனை காலியாகத்தான் கிடக்கும், வேறு யாரும் கால் வைக்க முடியாது.

ஒரு கணக்குப் பாருங்கள். வீகேச் 800 எம்பிக்குக் கல் நட்டுவிட்டது. ஏஜிபி ஸ்லாட்டில் செருகும் காட்சி அட்டைக்கென ஒதுக்கிவைக்கும் முகவரிப் பகுதிக்கு அபெர்ச்சர் என்று பெயர். அது 128 எம்பி, அதுவும் இதே தெருவில்தான். இரண்டும் சேர்த்து 928. மீதம் 96 எம்பியில் விண்டோஸின் மற்ற எல்லா டிரைவர்களும் அடங்க வேண்டும், டாஸ் சாளரத்துக்கும் இடம் வேண்டும். முடியாது. அதனால்தான் ரேமைக் கூட்டக்கூட, நினைவகம் இல்லை என்ற செய்தி வருகிறது.

இது புரிந்தால் கீழே உள்ள எந்தப் படியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீகேச்சின் எல்லைக்கல்லை உள்ளே தள்ளி நட வேண்டும். அவ்வளவுதான்.

2. கையில் தயாராக இருக்க வேண்டியவை

மதர்போர்டின் பெயரும், அதில் ரேமைக் கையாளும் சில்லுத் தொகுதியான சிப்செட்டும். ரேம் எல்லை விண்டோஸுக்கு முன் சிப்செட்டிலேயே இருக்கலாம். இன்டெல் 815 சிப்செட் 512 எம்பிக்கு மேல் ஏற்காது. 440பிஎக்ஸ் 1 ஜிபி வரை போகும். அதைவிடப் பழைய 430டிஎக்ஸில் 256 எம்பி வரை செருகலாம், ஆனால் செயலிக்கு உதவும் போர்டின் கேச் (இது வீகேச் இல்லை) முதல் 64 எம்பியை மட்டுமே கவனிக்கும். அதற்கு மேல் ரேம் போட்டால் கணினி வேகம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட போர்டு என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவைப்படாது, 64 எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிறிய ரேம் ஸ்டிக் ஒன்று. 128 அல்லது 256 எம்பி போதும். இரண்டு 512 ஸ்டிக்குகளாக 1 ஜிபி வைத்திருந்தால் ஒன்றைக் கழற்றினாலே போதும். ஒற்றை 1 ஜிபி ஸ்டிக் என்றால் யாரிடமாவது சிறியதை இரவல் வாங்கி வையுங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவப்போகிறீர்கள் என்றால் இது கட்டாயம்.

விண்டோஸ் 98 தொடக்க ஃபிளாப்பி. ஹார்ட் டிஸ்கில் இருந்து எதுவுமே தொடங்காத நிலைக்கு இது காப்பு.

ரேம் பழுதில்லை என்ற உறுதி. மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். பழுதான ரேமும் ஏறக்குறைய இதே மாதிரித்தான் தொல்லை தரும். இதைத் தாண்டிவிட்டுப் பின்னால் சந்தேகப்பட்டால், செய்த ஒவ்வொரு படியையும் திரும்பச் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

3. ரேமைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். ரேமைப் போட்டுவிட்டு, விண்டோஸ் வரவில்லை என்றதும், மிகக் குறைந்த டிரைவர்களோடு தொடங்கும் சேஃப் மோடில் போய் அமைப்பை மாற்றப் பார்க்கிறார்கள். விண்டோஸின் அமைப்பு வரிகள் இருக்கும் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பை சேஃப் மோடு படிப்பதில்லை. நீங்கள் அங்கே எழுதப்போகும் வரம்பு எதுவும் சேஃப் மோடைக் கட்டுப்படுத்தாது, அதுவும் அதே இடத்தில் முட்டி நிற்கலாம். சேஃப் மோடு வரவில்லை என்பதைப் பார்த்து, செய்த மாற்றம் பலிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். மொத்தம் 512 எம்பிக்குள் இருக்கும்படி வைத்து இயக்குங்கள். விண்டோஸ் வழக்கம்போல் வந்துவிடும். அமைப்பை இப்போது மாற்ற வேண்டும். அது முடிந்த பிறகுதான் ரேமைத் திரும்பப் போட வேண்டும்.

ரேமைக் கழற்ற முடியாத சூழல் என்றால் மாற்று வழி உண்டு. கணினி தொடங்கும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்திருங்கள், தொடக்கப் பட்டியல் வரும். 5-வதாக இருக்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஒன்லி என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் ஏறாது, டாஸ் மட்டும் வரும். டாஸுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கிருந்து எடிட் என்ற நிரலால் விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, அடுத்த இரண்டு படிகளில் சொல்லும் வரிகளை எழுதிச் சேமிக்கலாம்.

4. வீகேச்சுக்கு வரம்பு கட்டுங்கள்

முதல் வேலை, சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைப்பது. இந்தக் கோப்பில் ஒரு வரி தவறினாலும் விண்டோஸ் வராமல் போகலாம். நகல் இருந்தால் டாஸில் இருந்தே பழையதைத் திரும்ப வைத்துவிடலாம்.

பிறகு ஸ்டார்ட், ரன் போய் சிஸ்எடிட் என்று தட்டுங்கள். சில கோப்புகள் ஒரே நேரத்தில் திறக்கும், அவற்றில் சிஸ்டம்.ஐஎன்ஐ இருக்கும். நோட்பேடிலும் திறக்கலாம். ஆனால் சேவ் ஆஸ் கொடுத்துச் சேமித்தால் கோப்பின் பெயர் முடிவில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்படி ஆனால் பழைய கோப்பு மாறாமலே இருக்கும், நீங்கள் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சிஸ்எடிட்டில் அந்த ஆபத்து இல்லை.

கோப்பில் சதுர அடைப்புக்குள் வீகேச் என்ற தலைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும், அதற்குக் கீழே எதுவும் எழுதியிருக்காது. அந்தத் தலைப்பை ஒட்டி அடுத்த வரியில் எழுத வேண்டியது இது:

மேக்ஸ்ஃபைல்கேச்=262144

ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளியே இல்லாமல். மேக்ஸ் என்பதற்கு எம், ஏ, எக்ஸ். அதன் பிறகு ஃபைல், கேச் ஆகிய இரு சொற்களின் வழக்கமான எழுத்துகள். கேச் என்றதும் பணத்தைக் குறிக்கும் சொல்லை எழுதிவிடாதீர்கள். இங்கே வேண்டியது சி, ஏ, சி, எச், ஈ. தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கும்போது இந்த ஒரு சொல்லில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

எண்ணின் அலகு கேபி. 262144 கேபி என்றால் 256 எம்பி. இங்கே 256 என்று மட்டும் எழுதினால் 256 கேபி என்றாகிவிடும். விண்டோஸ் தொடங்கும், ஆனால் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் ஹார்ட் டிஸ்க் கறகறவென்று அரைக்கும்.

மைக்ரோசாப்ட் சொன்ன உச்ச வரம்பு 524288, அதாவது 512 எம்பி. நான் அதில் பாதியையே வைக்கிறேன். 512-ஐக் கொடுத்தால் தெருவில் பாதி வீகேச்சிடம் போய்விடும். 256-ல் நிறுத்தினால், 128 எம்பி அபெர்ச்சர் போக இன்னும் 640 எம்பி முகவரி மீதமிருக்கும். அந்தக் காலத்து நிரல்களுக்கு 256 எம்பிக்கு மேல் கேச் கொடுத்து வேகம் கூடியதை நான் கண்டதில்லை.

வீகேச் தலைப்பு இல்லையென்றால் கோப்பின் கடைசியில் புதிதாக எழுதிக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும்போது இரண்டாவதாக எழுதக் கூடாது. கீழே உள்ள இரண்டாவது தலைப்பை விண்டோஸ் கவனிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரியை எழுதியும் பலனில்லை என்று என்னிடம் வந்த கோப்புகளில், ஒன்று தலைப்பு இரட்டித்திருக்கும், அல்லது வரி வேறொரு தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்திருக்கும்.

5. 1 ஜிபியும் அதற்கு மேலும்: மொத்த ரேமுக்கும் வரம்பு

512-க்கு மேல் 1 ஜிபிக்குக் கீழ் என்றால், அதாவது 768 எம்பி போன்ற அளவு என்றால், மேலே செய்தது போதும். 1 ஜிபியையோ அதற்கு மேலோ கையாளும் விதத்தில் விண்டோஸ் 98-உம் அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் எம்இ-யும் வடிவமைக்கப்படவில்லை. 1.5 ஜிபியைத் தாண்டினால் கணினி திரும்பத் திரும்பத் தானாகவே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருக்கலாம். அங்கே வீகேச்சை மட்டும் அடக்கிப் பயனில்லை, ரேமின் ஒரு பகுதியை விண்டோஸின் கண்ணில் இருந்தே மறைக்க வேண்டும்.

அதே சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் 386என்ஹெச் என்ற தலைப்பைத் தேடுங்கள். 386-ஐ அடுத்து ஈ, என், எச் என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். அதன் கீழ் எழுத வேண்டியது:

மேக்ஸ்ஃபிஸ்பேஜ்=30000

ஃபிஸ் என்பது இங்கே பி, எச், ஒய், எஸ்.

அந்த 30000 நமக்குப் பழக்கமான முப்பதாயிரம் இல்லை. இது பதினறும எண், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண். எண்ணுவது 4 கேபி அளவுள்ள நினைவகப் பக்கங்களை. பதினறும முறையில் 30000 என்பது நம் கணக்கில் 1,96,608 பக்கங்கள். நான்கால் பெருக்கினால் 768 எம்பி. அதே வகையில் 20000 என்றால் 512 எம்பி, 40000 என்றால் 1 ஜிபி.

ஒரு அச்சகத்தில் இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. கணினியைப் பார்த்துக்கொள்பவர் கணக்கில் கெட்டிக்காரர். 512 எம்பியை 4 கேபியால் வகுத்து 131072 என்று சரியாகவே கண்டுபிடித்து, அதை அப்படியே எழுதியிருந்தார். விண்டோஸ் அதைப் பதினறும எண்ணாகப் படித்தது. அப்படிப் படித்தால் அது 12,49,394 பக்கங்கள், ஏறக்குறைய 4.77 ஜிபி. 1 ஜிபி ரேமுக்கு 4.77 ஜிபி வரம்பு போட்டால் வரம்பே இல்லாதது போலத்தான். ஒரே கோப்பில் ஒரு வரி கேபியில் பதின்ம எண், அடுத்த வரி பக்கத்தில் பதினறும எண். அவர்மேல் என்ன குற்றம்? இரண்டு வரிகளையும் எழுதும்போது அலகைப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் குறித்துவிட்டு எழுதுங்கள்.

கோப்பைத் தொடத் தயங்குபவர்களுக்கு எம்எஸ்கான்ஃபிக் இருக்கிறது. ரன்னில் அந்தப் பெயரைத் தட்டி, ஜெனரல் பக்கத்தில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தினால் லிமிட் மெமரி என்ற கட்டம் வரும். குறியிட்டு 512 என்று கொடுக்கலாம், இங்கே அலகு எம்பி. இது முதலுதவிதான். 1 ஜிபி ரேமில் பாதி வீணாகும். மேலே சொன்ன வரிகளை எழுதியவர்கள் இதைச் செய்ய வேண்டியதில்லை.

6. ஏஜிபி அபெர்ச்சரைக் குறையுங்கள்

கணினி தொடங்கும்போதே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் ஏஜிபி அபெர்ச்சர் சைஸ் என்ற அமைப்பைத் தேடி 64 எம்பி ஆக்குங்கள். 256 என்று வைத்திருந்தால் அதே தெருவில் கால் பங்கு வீகேச் தொடுவதற்கு முன்பே போய்விட்டது என்று பொருள். பக்கம் கட்டும் கணினிக்கும் கணக்கு எழுதும் கணினிக்கும் 64 தாராளம். காட்சி அட்டையின் சொந்த நினைவகமும் முகவரி கேட்கும் என்பதால், புதிதாக வாங்குபவர்கள் 256 எம்பி அட்டைக்குப் போகாமல் 64 எம்பியோடு நிற்பது நல்லது.

7. ரேமைத் திரும்பப் போட்டுச் சோதியுங்கள்

முதலில் குறைந்த ரேமிலேயே ஒரு முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். எழுதிய வரியில் எழுத்துப் பிழையால் ஏதேனும் கெட்டிருந்தால் இப்போதே தெரியும். அது நன்றாக வந்தால் மட்டும் கணினியை நிறுத்தி, மீதி ரேமைச் செருகுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கோளாறு எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விண்டோஸ் வந்ததும் மை கம்ப்யூட்டரில் வலது சொடுக்கிப் பிராப்பர்ட்டீஸில் ரேம் அளவைப் பாருங்கள். 768 என்று வரம்பு போட்டிருந்தால் அதை ஒட்டிய எண் தெரிய வேண்டும். முழு 1 ஜிபி தெரிந்தால் வரம்பு வரி படிக்கப்படவில்லை.

அடுத்த சோதனை முக்கியமானது. டாஸ் சாளரத்தைத் திறவுங்கள், மூடாமல் இரண்டாவதைத் திறவுங்கள், மூன்றாவதையும் திறவுங்கள். ஒவ்வொன்றும் தனி மெய்நிகர் இயந்திரம், ஒவ்வொன்றும் அந்தக் கடைசிப் பங்கில் முகவரி கேட்கும். மூன்றும் திறந்தால் மீதம் இருக்கிறது என்று நம்பலாம். முதலாவது திறந்து இரண்டாவது மறுத்தால் மேக்ஸ்ஃபைல்கேச் மதிப்பை 131072 ஆக இறக்குங்கள்.

விண்டோஸே வரவில்லை என்றால் பதறாதீர்கள். மூன்றாம் படியில் சொன்னபடி கன்ட்ரோல் விசையைப் பிடித்து டாஸுக்குப் போய்க் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவு ரேம் இருக்கும்போது, ரேம் போதாதபோது ஹார்ட் டிஸ்கில் இடம் எடுத்துக்கொள்ளும் ஸ்வாப் கோப்பு எதற்கு என்று சிலர் அதை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம். 386என்ஹெச் தலைப்பின் கீழ் கன்சர்வேட்டிவ், ஸ்வாப்ஃபைல், யூசேஜ் ஆகிய சொற்களைச் சேர்த்தெழுதி 1 என்ற மதிப்பைக் கொடுத்தால், ரேம் நிரம்பும்வரை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கைத் தொடத் தயங்கும். அதுவே போதும்.

8. பழைய டாஸ் நிரல் மட்டும் முரண்டு பிடித்தால்

விண்டோஸ் சரியாகிவிட்டது, டாஸ் சாளரமும் திறக்கிறது, ஆனால் கணக்கு நிரல் நினைவகப் பிழை காட்டுகிறது என்றால் இது வேறு சிக்கல். பழைய டாஸ் நிரல்கள் பலவற்றுக்கு 64 எம்பிக்கு மேல் எண்ணத் தெரியாது. 16 பிட் எண்ணில் கேபி கணக்கு வைத்தால் அதோடு தீர்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய அளவைச் சொன்னால் சில நிரல்கள் குழம்பி, இருப்பதையே இல்லை என்கின்றன.

அந்த நிரலின் குறுக்குவழியில் வலது சொடுக்கிப் பிராப்பர்ட்டீஸ், மெமரி பக்கம் போங்கள். டாஸ் நிரல்கள் கூடுதல் நினைவகம் பெறும் முறைகளான எக்ஸ்எம்எஸ், டிபிஎம்ஐ ஆகியவை ஆட்டோ என்று இருக்கும். இரண்டையும் 8192 ஆக்குங்கள். பெரும்பாலான கணக்கு நிரல்களுக்கு 8 எம்பியே அதிகம். இஎம்எஸ் என்ற இன்னொரு முறையைக் கேட்கும் நிரல் என்றால், கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இஎம்எம்386 வரியின் கடைசியில் நோஇஎம்எஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் விண்டோஸுக்குள் எந்த டாஸ் சாளரத்துக்கும் இஎம்எஸ் கிடைக்காது.

ரன்டைம் எரர் 200 என்று வந்தால் அது நினைவகக் கோளாறே இல்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய பழைய நிரல்கள், வேகமான செயலியில் தொடங்கும்போது பூச்சியத்தால் வகுத்து நிற்கும் பிழை அது. ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

9. எவ்வளவு ரேம் போட்டாலும் கூடாதவை

நான்கைந்து நிரல்களைத் திறந்ததும் பொத்தான்கள் மறைவதும், சாளரங்கள் பாதி வரையப்பட்டு நிற்பதும் சிஸ்டம் ரிசோர்சஸ் தீர்ந்ததன் அடையாளம். சாளரங்களையும் வரைகலையையும் கவனிக்கும் பகுதிகள், 16 பிட் காலத்தில் இருந்து வந்த 64 கேபி அளவுள்ள சிறு இடங்களை இன்னும் நம்பியிருக்கின்றன. 1 ஜிபி ரேம் அந்த 64 கேபியை 65 ஆக்காது. ரிசோர்ஸ் மீட்டரைத் திறந்து வைத்து, தொடக்கத்தில் தானாக ஏறும் நிரல்களை எம்எஸ்கான்ஃபிக் வழியாக ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

அச்சகங்களில் இன்னொன்றும் உண்டு. எழுத்துருப் பெயர்களும் பாதைகளும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே விசையின் (தலைப்பின்) கீழ் சேமிக்கப்படுகின்றன, அதன் எல்லையும் 64 கேபி. ஏறக்குறைய 1000 எழுத்துருக்களோடு நிரம்பிவிடும். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கொண்டுவந்த தமிழ் எழுத்துருக்களை ஆண்டுக்கணக்கில் நிறுவிக்கொண்டே போன கணினிகள் இந்த எல்லையைத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றாடம் வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். வேண்டும்போது நிறுவிக்கொள்ளலாம்.

10. எழுதி ஒட்டிவையுங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கியதும், மாற்றிய சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பைத் தொடக்க ஃபிளாப்பியில் ஒரு நகல் எடுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவ நேர்ந்தால் அந்த இரண்டு வரிகளும் போய்விடும்.

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் எத்தனை எம்பி ரேம், மேக்ஸ்ஃபைல்கேச் எவ்வளவு, மேக்ஸ்ஃபிஸ்பேஜ் எவ்வளவு, அபெர்ச்சர் எவ்வளவு என்று எழுதி, கேபினெட் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் கையில் பெரும்பாலும் இன்னொரு ரேம் ஸ்டிக் இருக்கும்.